அடி வாங்காத கம்பு

சீட் அக்கா யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். ரொட்டி வாங்கினால் உறையில் இருக்கும் தேதியைப் படிப்பாள். படித்த பிறகும் முகர்ந்து பார்ப்பாள். சலவைக்குப் போய்வந்த சட்டையில் பொத்தான்களை எண்ணுவாள். டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போவாள். இருவரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால், பேசி வைத்துக்கொண்டார்களோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவாள். கெட்டவள் இல்லை. ஏமாந்துவிடக் கூடாது என்பதில் ஒரு பிடிவாதம், அவ்வளவுதான்.

பேருந்துகளுக்கு இருக்கை தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருட வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஸ்பாஞ்சை வெட்டி, பலகையில் ஒட்டி, ரெக்சினை இழுத்துப் பிடித்து, வளைந்த ஊசியால் மூலை தைப்பாள். அவள் தைத்த இருக்கை பிரிந்துவிட்டது என்று இதுவரை ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் டிரைவர்தான் வேண்டுமென்றே கிழித்தார் என்று நிரூபித்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் ஆயுதம் செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் அவள் கணவர். அவர் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். தெருத் தெருவாக நடந்து, வாசலுக்கு வாசல் குனிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போவது வேலை. அவ்வளவு நடந்தும் தொப்பை மட்டும் இடத்தைக் காலி செய்யாமல் இருந்தது தனிக் கதை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் தற்காப்புக் கலைக் கூடத்துக்கு மீட்டர் படிக்கப் போனவர், கம்பு சுற்றுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்து நின்றார். மறுநாளே சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

அங்கே மாஸ்டர் ஒரு பெண். பகலில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். புதனும் சனியும் மாலை ஐந்தரைக்கு இருபது பேரை வரிசையில் நிறுத்தி, நீளக் கம்பு, குட்டைக் கம்பு, மரவாள், ஈட்டி என்று பழக்குவார். கடையில் வாங்கும் கம்புகள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை, முனை நார் நாராகப் பிரிந்துவிடுகிறது என்று அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, மீட்டர்காரர் பெருமையாக வாயை விட்டார்.

"எங்க வீட்ல ஒரு கை இருக்குங்க மாஸ்டர். அது தைச்சா பிரியாது."

மகள் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டதால் காலியாகக் கிடந்த அறை ஆயுத சாலை ஆயிற்று. பிரம்பு வாங்கப் போனால் சீட் அக்கா கடைக்காரரைக் கதிகலங்க வைப்பாள். ஒவ்வொரு பிரம்பையும் தரையில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். முழங்காலில் வைத்து வளைப்பாள். நாற்பதில் ஆறு தேறினால் அதிகம்.

"எல்லாம் ஒரே கட்டுல வந்ததுதாங்க," என்பார் கடைக்காரர்.

"அதான் பயமா இருக்கு," என்பாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புத் தீயில் மெல்லக் காட்டி, சூடு ஏறியதும் கோணலை முழங்காலில் அழுத்தி நேராக்கி, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பத்து நாள் விட்டுவைப்பாள். கணுக்களை உப்புத்தாளால் தேய்ப்பாள். இரண்டு முனைக்கும் ஸ்பாஞ்சு வட்டம், அதன் மேல் ரெக்சின் தொப்பி, மெழுகு நூலில் இருபத்துநாலு தையல். மரவாளுக்குப் பலகையை இழைத்து, விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை வைத்துத் தைப்பாள். ஈட்டி முனையைக் குழந்தை கையில் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. மற்றவர்கள் ஆயுதம் செய்வது அடிபடுவதற்கு. இவள் செய்வது அடிபடாமல் இருப்பதற்கு. கூடத்தின் சட்டமும் அதுதான். உள்ளே இரும்பு வரக் கூடாது. மோதிரம், கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாயில் கால் வைக்க வேண்டும். ஒரே வருடத்தில் சுவரில் மாட்டியிருந்த நாற்பது ஆயுதங்களும் சீட் அக்கா கைப்பட்டவை ஆகிவிட்டன.

மாதம் ஒருமுறை பழுதுபார்க்கக் கம்புகள் கோணிப்பையில் வீட்டுக்கு வரும். அங்கேதான் அவளுக்கு உண்மையான சுவாரஸ்யம். கம்பைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டினால் போதும், ஆளின் ஜாதகமே தெரிந்துவிடும். இருவர் எதிரெதிரே நின்று அடித்துத் தடுக்கும்போது கம்பும் கம்பும் குறுக்காக மோதும். அந்தத் தழும்பு சாய்வாக, உருண்டையாக, மேல் பகுதியில் இருபுறமும் விழும். ஒருவருக்கு இடது பக்கம் தழும்பே இருக்காது. அவருக்கு இடது கை சோம்பேறி. இன்னொருவருக்குப் பிடிக்கு அருகிலேயே அடி விழுந்திருக்கும். அவர் பயத்தில் கடைசி நேரத்தில் தடுக்கிறவர். கம்பு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. அவள் நம்பிய ஒரே சாட்சி அதுதான்.

கணவர் கம்பையும் விட்டுவைக்கவில்லை. சேர்ந்த முதல் மாதம் அது கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. புதியவர், வயதானவர், தொப்பைக்காரர் என்று எல்லோரும் அவரைப் பூப்போலத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அது இவளுக்குத் தெரியுமா?

"நெஜமாவே வகுப்புக்குத்தான் போறீங்களா, இல்ல எங்கயாவது டீக்கடையில ஒக்காந்துட்டு வர்றீங்களா?" என்றாள்.

அவர் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து கம்பில் தழும்பு விழ ஆரம்பித்தது. வருடம் போகப்போக ஆழமாக விழுந்தது. மற்றவர்கள் கம்பில் நகம் பதிந்த அளவு இருந்தால், இவருடையதில் விரல் பதிந்த அளவு. இப்போது இவள் கவலை வேறு பக்கம் திரும்பியது. எல்லோரும் சேர்ந்து இவரை மட்டும் ஏன் இப்படிப் போட்டு அடிக்கிறார்கள்? வாயில்லாப் பூச்சி என்று தெரிந்துகொண்டார்களா? அவரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். ஒன்றுமில்லை என்று சொல்வதே அவளுக்கு ஏதோ இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அவர் கம்பின் முனைகளை மட்டும் பிரித்துத் தனியாகக் கவனித்துத் தைத்துக் கொடுத்தாள்.

இதெல்லாம் பழைய விஷயம். இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

ஐந்து வாரமாகக் கணவரின் கம்பில் புதுத் தழும்பு ஒன்றுகூட இல்லை. புதன் போகிறார், சனி போகிறார், ஏழு மணிக்குக் களைத்துப்போய் வருகிறார். கம்பு மட்டும் களைக்கவில்லை. பழுதுக்கு வரும் கோணிப்பையைத் தூக்கிவர அவளே கூடத்துக்குப் போவது வழக்கம். அதையும் இப்போது அவர் வாங்கிக்கொண்டார்.

"நானே எடுத்துட்டு வர்றேன். உனக்கு முட்டி வலிக்கும்."

இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவள் முட்டியைப் பற்றி அவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை. சீட் அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துத் துருவித் துருவிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத போன்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அந்த மாதக் கோணிப்பையைக் கொட்டினாள். பதினான்கு கம்பு. ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒன்று குறைந்தது. மருந்துக்கடைப் பெண்ணின் கம்பு வரவில்லை. போன மாதமும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக மருந்துக்கடை நடத்தும் பெண். முப்பத்தைந்து வயது, தனியாக இருப்பவள், கலகலவென்று பேசுகிறவள். பயிற்சியில் கணவருக்கு எதிரே நிற்கும் ஜோடி அவள்தான்.

இரண்டு கம்புகள் ஒரே நேரத்தில் அடி வாங்குவதை நிறுத்தியிருக்கின்றன. சீட் அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு மனைவிகளுக்குச் சட்டையில் வாசனை கிடைக்கும், பையில் சினிமா டிக்கெட் கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது வராத கம்பு.

சாப்பிடும்போது வாயைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எல்லார் கம்புக்கும் வயசாகுது. உங்களோடதுக்கு மட்டும் ஆகல போல."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "இப்ப தனியா சுத்தற பயிற்சிதான் அதிகம். மோதறது கம்மி."

"ஓ," என்றாள்.

அடுத்த வகுப்பு முடிந்து வந்த கம்பில் எட்டுத் தழும்புகள் இருந்தன. அவர் முகம் கழுவப் போனதும் ஜன்னலடியில் கொண்டுபோய் உருட்டினாள். எட்டும் ஒரே பக்கம். எட்டும் ஒரே உயரம், ஒரே ஆழம். சாய்வே இல்லை, நேர்க்கோடு கிழித்தாற்போல் கூர்மையான விளிம்பு. கம்போடு மோதினால் இப்படி விழாது. இது சதுர இரும்புக் கிராதியில் தட்டியது. ஒரு தழும்பில் பச்சைப் பெயிண்ட் துணுக்குகூட ஒட்டியிருந்தது. மனுஷன் பொய்யைச் சொன்னது மட்டுமில்லாமல் அதற்குச் சாட்சியையும் கையால் செய்து கொண்டுவந்திருக்கிறார். அதுவும் அவளிடமே, அவள் செய்த கம்பிலேயே. அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது.

அடுத்த புதன்கிழமை பட்டறையில் அரைநாள் லீவு சொன்னாள். முட்டி வலி என்று காரணம் சொன்னாள். அவர் கொடுத்த காரணம் எதற்காவது உதவட்டும் என்று. ஐந்து மணிக்கே மருந்துக்கடைக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் போய் நின்று, கைப்பையில் கிடந்த கரண்ட் பில்லை நகல் எடுக்கக் கொடுத்தாள்.

ஐந்தே கால் மணிக்கு அவர் பாலத்தில் வந்தார். பாலத்தின் ஓரக் கிராதி பச்சை நிறம். நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கம்பை உயர்த்திக் கிராதியில் டொக் டொக் டொக் டொக் என்று நாலு அடி. ஒரு சைக்கிள் கடந்து போகும் வரை தண்ணீரை வேடிக்கை பார்ப்பது போல் நின்றார். மறுபடி நாலு. இந்தத் தடவை கம்பைத் திருப்பிப் பிடித்து மறுபக்கமும் தட்டினார். பாடம் கற்றுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

"இன்னும் எத்தனை காப்பிக்கா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"போட்டுக்கிட்டே இருங்க."

கணவர் நேராக மருந்துக்கடைக்குள் போனார். கம்பை ஷட்டர் ஓரம் சாய்த்துவிட்டு, வெளியாள் நிற்கும் பக்கம் நிற்காமல், மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனார். அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வலது கையை நீட்டினாள். இவர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். பிடித்துக்கொண்டே குனிந்து ஏதோ செய்தார். பிறகு இருவரும் திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனார்கள். கடையில் யாருமே இல்லை. இருபது நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தார். சட்டையின் மேல்பொத்தான் இரண்டும் திறந்திருந்தன. முகமெல்லாம் வியர்வை.

சீட் அக்கா கரண்ட் பில்லின் பதினேழு நகல்களைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, குறுக்குத் தெரு வழியாக அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வழக்கம்போல் ஏழு மணிக்குத்தான் அவர் வந்தார். "வகுப்பு எப்படி இருந்துச்சு?" என்று கதவைத் திறந்தாள்.

"நல்லா போச்சு. இன்னிக்கி ஈட்டி."

டீ போட்டுக் கொடுத்தாள். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பொய் வரும், அதற்கு ஒரு சாட்சியும் வரும். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் தப்பிக்க முடியாது என்று முடிவு செய்தாள். தன் வீடு போகிறது என்று அவள் மனம் அழுதது. போகிறதென்றால் எல்லோருக்கும் தெரிந்தே போகட்டும் என்று அதே மனம் பல்லைக் கடித்தது.

சனிக்கிழமை கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கி நானே கொண்டு போறேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முட்டி..."

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு இன்னிக்கி மீட்டர் புகார் ஒண்ணு பாக்கணும். வகுப்புக்கு வரல," என்று மென்று விழுங்கினார்.

அவளுக்கு அது வசதியாகவே பட்டது.

கூடத்தில் வகுப்பு ஆரம்பித்திருந்தது. வாசல் தட்டில் வளையலையும் ஊசிப் பையையும் கழற்றி வைத்தாள். உள்ளே பதினெட்டு பேர், கையில் அவள் செய்த கம்புகள், டக் டக் என்று ஒரே தாளம். நல்லவேளை, அவளும் இருந்தாள். மருந்துக்கடைப் பெண் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சீட் அக்கா கோணிப்பையைப் பாயின் நடுவில் இறக்கினாள்.

"மாஸ்டர், ஒரு விஷயம் பேசணும்."

"உள்ள வாங்கக்கா, தனியா பேசலாம்," என்றார் மாஸ்டர். அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அதையும் சீட் அக்கா குறித்துக்கொண்டாள். இவருக்கும் தெரிந்திருக்கிறது.

"வேணாம். எல்லாரும் கேக்கட்டும். உங்க வகுப்புல ரெண்டு பேர் மாசக்கணக்கா கம்பு புடிக்கறதில்ல. வகுப்புன்னு சொல்லிட்டு எங்க போறாங்க, என்ன பண்றாங்கன்னு நான் கண்ணால பாத்தேன். ஒருத்தர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தங்க அதோ ஒக்காந்திருக்காங்க."

தாளம் நின்றது. மருந்துக்கடைப் பெண் எழுந்து நின்றாள். எழுந்தபோதுதான் அவள் வலது கையில், மணிக்கட்டிலிருந்து விரல் வரை, தோல் நிறத்தில் ஒரு பட்டை கட்டியிருந்தது தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத நிறம்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"வீட்ல சொல்ல வேணாம்னு அவர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டார். அதான் சொல்லல. உங்க வீட்டுக்காரர வகுப்பிலேந்து நிறுத்தி ஒண்ணரை மாசம் ஆச்சுக்கா."

"நிறுத்திட்டீங்களா? எதுக்கு?"

"ஜோடிப் பயிற்சியில அவர் கம்பு முனை இவங்க விரல்ல பட்டுச்சு. எங்க கம்பு பட்டா வலிக்கும், அவ்வளவுதான். இவங்களுக்கு ரெண்டு எலும்பு ஒடஞ்சு போச்சு. முனைய அழுத்திப் பாத்தேன். உள்ள இரும்பு வளையம். இந்தக் கூடத்துல இரும்பு வரக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். யார் வச்சதுன்னு கேட்டேன். நான்தான் வச்சேன், என் வீட்டுக்காரிக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டார்."

அந்த வளையங்களை சீட் அக்காவுக்குத் தெரியும். பேருந்து இருக்கையின் கால்குழாயில் மாட்டுகிற வளையம், பட்டறையிலிருந்து எடுத்துவந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவர் கம்பின் தொப்பியைப் பிரித்து, இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக இறுக்கி, மேலே ஸ்பாஞ்சு வைத்து, இருபத்துநாலு தையல் போட்டு மூடியது அவள் கைதான். அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வளையத்தைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொண்டதே அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான் இருக்கும். தெரிந்த அந்த நிமிடமே பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"இப்ப அவர் எங்க போறாருன்னுதான கேட்டீங்க," என்றாள் மருந்துக்கடைப் பெண். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "புதன்கிழமை எனக்குச் சரக்கு வரும்கா. இந்தக் கையால பெட்டி தூக்க முடியல. அண்ணன் வந்து பின்னால இருக்கற ரூம்ல அடுக்கிக் குடுப்பார். இந்தப் பட்டை இடது கையால இறுக்க வராது, அதையும் கட்டி விடுவார்."

"சனிக்கிழமை?" என்று கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை, பழக்கம் அப்படி.

மாஸ்டர் பதில் சொன்னார். "கீழ பேட்டரிக் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருப்பார். வகுப்பு முடியற வரைக்கும். கம்புச் சத்தம் கேட்டுக்கிட்டு இருப்பாராம், கடைக்காரர் சொன்னார்."

சீட் அக்கா சுவரைப் பார்த்தாள். மீதி ஆயுதங்கள் தொங்கின. தையல் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறக்காமல் கோணிப்பையை வைத்துவிட்டுப் போய்விடலாம். அவர் ஒத்துக்கொண்டாகிவிட்டது, யாரும் இனி கேட்கப்போவதில்லை. அவள் பெயர் அந்தச் சுவரில் அப்படியே தொங்கும். அவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு மூன்று மூச்சு நேரம் அவள் அப்படித்தான் நினைத்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத வச்சது நான்," என்றாள். "அவருக்குத் தெரியவே தெரியாது."

கடைசி வரிசையில் ஒருவர் தன் கம்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகப் பாயில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். ஒவ்வொருவராக எல்லோரும் கீழே வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். மாஸ்டர் மட்டும் தன் கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இதுலயும் இருக்கா?"

"இல்ல. அவர் கம்புல மட்டும்தான்." சொன்னபோதே, இதை இவர்கள் எதற்காக நம்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டாள். "பிரிச்சுப் பாருங்க மாஸ்டர். எல்லாத்தையும் பிரிச்சே பாத்துடுங்க."

"அவரோடதுல மட்டும் ஏன் வச்சீங்க?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

சீட் அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த விரல்களைப் பார்த்துச் சொன்னாள். "அவர் கம்புல தழும்பு ஆழம் ஆழமா விழுந்துச்சு. மத்த யாரு கம்புலயும் அப்படி இல்ல. எல்லாரும் சேந்து அவர ஏமாளின்னு நெனச்சு அடிக்கறீங்கன்னு நெனச்சேன். அவர் கம்பும் கொஞ்சம் திருப்பிக் குடுக்கட்டும்னு வச்சேன். மனசுல விஷம்தான். வேற என்ன சொல்ல."

மருந்துக்கடைப் பெண் கட்டிய கையை மறு கையால் மூடிக்கொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவள் போல் மாஸ்டரைப் பார்த்தாள்.

"அந்தத் தழும்பு எல்லாம் நான் அடிச்சதுக்கா, மூலையில கெடக்கற பழைய கடைக் கம்பால," என்றாள். "அண்ணன்தான் அடிக்கச் சொல்வார். மெதுவா அடிச்சா, ஓங்கி அடிம்மா, நல்லா பதியணும்பார். முதல் மாசம் தழும்பே இல்லாம போயி, வகுப்புக்குத்தான் போறீங்களான்னு வீட்ல கேட்டுட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு வகுப்பும் முடியறப்போ, போதுமான அளவு விழுந்திருக்கான்னு கம்ப உருட்டிப் பாத்துட்டுத்தான் கெளம்புவார்."

சீட் அக்கா பாயில் உட்கார்ந்தாள். அவள் கேட்ட ஒரு கேள்வி. அதற்குப் பதிலாக அவர் வாங்கிய அடிகள். அந்த அடிகளைப் பார்த்து அவள் இறுக்கிய வளையம். அந்த வளையம் உடைத்த விரல். வெளியாள் ஒருவர்கூட இதில் இல்லை.

"என்னப் பத்தி அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "சந்தேகப் பேய்னு சொன்னாரா?"

"இல்லக்கா." அந்தப் பெண் இடது கையால் ஸ்டூலை இழுத்து அவளுக்கு அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "என் மேல அவளுக்கு ரொம்ப அக்கறை, அதான் கம்பைக்கூட விடாம பாப்பான்னு சொல்வார்."

நிஜமாகவே அவர் அப்படித்தான் சொன்னாரா, இல்லை தன் மேல் இரக்கப்பட்டு இவள் இட்டுக்கட்டிச் சொல்கிறாளா என்று சீட் அக்காவுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. வந்ததை உணர்ந்ததும், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.